நீர் இறைக்கும் இயந்திரம் இயங்க மறுக்குமிடத்துச் செய்யத்தக்கவை

துலா மிதித்தும் பட்டையால் இறைத்தும் தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சிய காலம் கழிந்துவிட்டது. இன்று வடபகுதித் தோட்டங்களிற் பெரும்பாலானவற்றின் பயிர் இயந்திரத்தை நம்பியே நிற்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையினூடு கீழிறங்கித் தங்குகின்றது; அந்நீரே கிணறுகளில் ஊறுகின்றது. மழை ஓய்ந்தபின் வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி ஆகியவற்றுக்கு வேண்டிய நீர் முழுவதையும் இறைத்தே ஊட்டல் வேண்டும்.

இந்நிலையில் ஒருநாட் காலை இயந்திரம் இயங்க மறுக்குமாயின் கமக்காரருக்கு நேரும் இடர் சிறிதன்று. குமிழ் பருக்கும் வேளையில் நீர் தவறிய வெங்காயம் சிறுத்துப் போகும். பூத்த மிளகாய்ச் செடி பூவை உதிர்க்கும். கதிர் வெளிவந்து பூக்கும் பருவத்தில் வயல் வறளுமாயின் நெல் பதராகும். பயிர் இயந்திரத்தின் பழுது தீரும்வரை காத்திராது. ஆயினும் இயங்காத இயந்திரங்கள் பலவற்றுக்குப் பெரும் பழுது எதுவும் இருப்பதில்லை. எரிபொருட் கிண்ணத்திற் சிறிது நீர், பிளக்கிற் படிந்த கரி, அடைபட்ட மூடித்துளை போன்ற சிறு காரணங்களே அவற்றைத் தடுத்து வைத்திருக்கும். இவற்றைக் கமக்காரர் தாமே அரை மணி நேரத்தில் நீக்கிக்கொள்ளலாம். அதற்கு வேண்டியது ஒழுங்குமுறை ஒன்றே.

1. இயந்திரத்துக்கு வேண்டிய நான்கு

பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் இயங்கும் எந்த இயந்திரத்துக்கும் எரிபொருள், காற்று, தீப்பொறி, நெருக்கம் என்னும் நான்கும் வேண்டும். எரிபொருள் ஆவியாகிக் காற்றுடன் கலக்கின்றது. அக்கலவையை உருளையினுள் முசலம் நெருக்குகின்றது. நெருக்கம் மிகுந்த கணத்திற் பிளக்கு என வழங்கும் தீப்பொறிச் செருகி பொறியை எழுப்புகின்றது. கலவை எரிந்து விரிந்து முசலத்தைத் தள்ளுகின்றது. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் கயிற்றை எத்தனைமுறை இழுத்தாலும் பயன் விளையாது.

எனவே பழுது காண முற்படுபவர் எது குறைந்துள்ளது என்பதையே முதலில் அறிதல் வேண்டும். அதனை அறியுமுன் காபரேற்றரின் திருகாணிகளைத் திருப்புதலும், பல உறுப்புகளை ஒரே நேரத்திற் கழற்றுதலும் தீங்காகும். எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும் பார்த்தல் வேண்டும். ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்து, இயந்திரத்தை முடுக்கிப் பார்த்து, அதன்பின் அடுத்ததற்குச் செல்லுதல் நன்று. இரண்டை ஒருங்கே மாற்றியவர் எதனாற் பழுது தீர்ந்தது என்பதை அறியமாட்டார். அடுத்த முறை மீண்டும் தொடக்கத்திலிருந்தே தேட நேரும்.

2. கயிற்றை மீண்டும் இழுக்குமுன்

முதலிற் பின்வருவனவற்றைக் கண்ணாற் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

(அ) தாங்கியில் எரிபொருள் உண்டா? அதன் திறப்பான் திறந்துள்ளதா?

(ஆ) இயக்கும் சுவிச்சு உரிய நிலையில் உள்ளதா?

(இ) ஒயில் குறித்த மட்டத்தில் உள்ளதா? அண்மைக்கால இயந்திரங்கள் பலவற்றில் ஒயில் குறைந்தாற் பொறியைத் தடுக்கும் கருவி பொருத்தப்பட்டுள்ளது. இயந்திரம் சாய்வான வரம்பில் வைக்கப்பட்டிருப்பினும், ஒயில் ஒரு பக்கம் ஒதுங்குவதால் இக்கருவி ஏமாந்து பொறியைத் தடுக்கக்கூடும். ஆதலால் இயந்திரத்தைச் சமதரையில் வைத்தே பரிசோதித்தல் வேண்டும்.

(ஈ) குளிர்ந்த இயந்திரமாயின் சோக்கு மூடியிருத்தல் வேண்டும். சற்றுமுன் ஓடிச் சூடாயுள்ள இயந்திரமாயின் அது திறந்திருத்தல் வேண்டும்.

(உ) தாங்கியின் மூடியிலுள்ள சிறு துளை அடைபட்டுள்ளதா? இத்துளையினூடு காற்று உட்செல்லாவிடின் எரிபொருள் கீழிறங்காது. மூடியைச் சற்றுத் தளர்த்தி வைத்து முடுக்கும்போது இயந்திரம் இயங்குமாயின் குற்றம் இத்துளையிலேயே உள்ளது.

3. மண்ணெண்ணெயில் நிறுத்தப்பட்ட இயந்திரம்

மண்ணெண்ணெய் இயந்திரம் காலையில் இயங்க மறுப்பதற்கு மிகப் பொதுவான காரணம் முதல்நாள் அதனை நிறுத்திய முறையே ஆகும். பெற்றோல் குளிரிலும் எளிதில் ஆவியாகும் இயல்புடையது. மண்ணெண்ணெய் அத்தகையதன்று, சூடேறிய இயந்திரத்திலேயே அது நன்கு ஆவியாகி எரியும். இதனாலேயே இயந்திரத்தைப் பெற்றோலில் முடுக்கி, சில நிமிடங்கள் ஓடவிட்டு, தலைப்பகுதி சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகின்றோம்.

நிறுத்தும்போதும் இதே கவனம் வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தை அப்படியே நிறுத்தினால் காபரேற்றரின் கிண்ணம் மண்ணெண்ணெயால் நிறைந்தே இருக்கும். மறுநாள் திறப்பானைப் பெற்றோலுக்குத் திருப்பினாலும் உருளையினுட் செல்வது கிண்ணத்தில் எஞ்சிய மண்ணெண்ணெயே. இதனை அறியாதவர் தோள் சோரும்வரை கயிற்றை இழுப்பர்.

இதற்குப் பரிகாரம் எளிது. எரிபொருட் திறப்பானை மூடுக. கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகாணியைத் தளர்த்தி, உள்ளிருப்பதை ஒரு போத்தலில் வடித்துக்கொள்க. திருகாணியை இறுக்கி, பெற்றோலைத் திறந்து, கிண்ணம் நிறையச் சிறிது நேரம் விட்டு, பின்னர் முடுக்குக. இனி வருங்காலத்தில் இறைப்பு முடிவதற்குச் சில நிமிடம் முன்னரே பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டு நிறுத்துவதை வழக்கமாக்கிக்கொள்ளல் வேண்டும்.

பெற்றோலை மிச்சப்படுத்தக் கருதி இவ்வழக்கத்தைக் கைவிடுவோர் உளர். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போதும், அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோதும், ஒவ்வொரு துளியையும் எண்ணிச் செலவிட வேண்டிய நிலை கமக்காரருக்கு ஏற்பட்டது. எனினும் குளிர்ந்த இயந்திரத்துள் எரியாது சென்ற மண்ணெண்ணெய் வீணாவதோடு நில்லாது, முசல வளையங்களைக் கடந்து ஒயிலுடன் கலந்து அதனை நீர்த்துப் போகச் செய்யும். நீர்த்த ஒயிலால் உருளை தேயும். ஒயிலின் மட்டம் தானாக உயர்ந்திருப்பினும், அதில் மண்ணெண்ணெய் மணம் வீசினும், அவ்வொயிலை உடனே மாற்றுதல் வேண்டும்.

4. பிளக்கு காட்டும் குறிகள்

மேற்கூறியவற்றால் இயந்திரம் இயங்காவிடின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். கழற்றுமுன் அதனைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தல் அவசியம். உருளையினுள் விழும் மணல் பெருங்கேட்டை விளைக்கும்.

பல முறை கயிற்றை இழுத்த பின்னரும் பிளக்கின் நுனி உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை என்பது பொருள். நுனி எரிபொருளால் நனைந்திருந்தால் எரிபொருள் மிகுந்துவிட்டது. அல்லது பொறி எழவில்லை. உலர்ந்த கரி படிந்திருப்பின் காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். அல்லது இயந்திரம் சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட்டிருக்கலாம். ஒயில் பிசுபிசுத்திருப்பின் வளையங்கள் தேய்ந்துள்ளன என ஐயுறலாம். நுனி மங்கிய மண்ணிறமாயிருப்பின் இயந்திரம் நலமாக எரிந்து வந்துள்ளது.

5. பிளக்கு உலர்ந்திருப்பின்

எரிபொருள் வரும் வழியைத் தாங்கியிலிருந்து தொடங்கி ஒவ்வோரிடமாகப் பார்த்தல் வேண்டும். காபரேற்றரிற் சேரும் முனையிற் குழாயைக் கழற்றித் திறப்பானைத் திறந்தால் எரிபொருள் தடையின்றி ஒழுகுதல் வேண்டும். ஒழுகாவிடின் திறப்பானோ வடிகட்டியோ அடைபட்டுள்ளது. அவற்றைக் கழற்றிப் பெற்றோலிற் கழுவுக.

ஒழுகுமாயின் குற்றம் காபரேற்றரினுள் உள்ளது. கிண்ணத்தை வடித்து, வடித்ததை ஒரு கண்ணாடிப் போத்தலிற் சிறிது நேரம் வைத்துப் பார்க்க. எரிபொருளிலே நீர் கலந்திருப்பின் அது முத்துமுத்தாகத் திரண்டு அடியிற் தங்கும். மழையில் மூடியின்றிக் கிடந்த கலனிலிருந்தும், பாதி வெறுமையான தாங்கியில் இரவுக் குளிரால் உறையும் ஈரத்திலிருந்தும் இந்நீர் வருவதுண்டு. தாங்கியையும் முற்றாக வடித்துத் துடைத்தல் வேண்டும்.

பல வாரங்கள் கிடந்த பெற்றோலும் இயந்திரத்தை இயக்காது. எளிதில் ஆவியாகும் பகுதி அகன்று, எஞ்சியது பிசின்போலத் திரண்டு, காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடும். அத்துளையை ஊதியோ காற்றுப் பம்பியால் அடித்தோ திறக்கலாம். உருக்குக் கம்பியாற் குத்துதல் ஆகாது. துளை பெருத்தால் இயந்திரம் என்றென்றும் எரிபொருளை மிகுதியாகவே குடிக்கும். கிண்ணத்தினுள் இருக்கும் மிதவை தடையின்றி ஏறி இறங்குகின்றதா என்பதையும் பார்த்துக்கொள்க.

6. பிளக்கு நனைந்திருப்பின்

சோக்கை மூடிவைத்துப் பன்முறை இழுப்பதால் உருளை எரிபொருளால் நிறைந்துவிடுவதுண்டு. அப்போது திறப்பானை மூடி, சுவிச்சை நிறுத்தி, சோக்கையும் வேகநெம்பையும் முற்றாகத் திறந்து, பிளக்கு இல்லாமலே கயிற்றைப் பத்துமுறை வரை இழுத்தல் வேண்டும். மிகுந்த எரிபொருள் வெளியேறும். பிளக்கைத் துடைத்து உலர்த்திப் பூட்டி, சோக்கு திறந்த நிலையிலேயே முடுக்குக. இவ்வேளையில் அருகே சுருட்டோ பீடியோ புகைத்தல் கூடாது.

காற்று வடிகட்டியையும் இப்போதே பார்த்தல் நன்று. பஞ்சு வடிகட்டியைச் சவர்க்கார நீரிற் கழுவி, நன்கு உலர்த்தி, சில துளி ஒயில் இட்டுப் பிழிந்து பூட்டலாம். கடதாசி வடிகட்டியைக் கழுவாது மெல்லத் தட்டித் தூசியை உதிர்த்தல் வேண்டும். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு இயந்திரத்தை ஓட்டுதல் செம்மண் தூசியை உருளைக்கு ஊட்டுவதற்கு ஒப்பாகும்.

7. தீப்பொறியைச் சோதித்தல்

பிளக்கை அதன் தொப்பியிற் பூட்டி, அதன் உலோக உடலை இயந்திரத்தின் வெறும் உலோகப் பகுதியிற் படுமாறு வைத்து, சுவிச்சை இயக்கும் நிலையிலிட்டுக் கயிற்றை இழுத்தால், நீல நிறமான பொறி சடசடவெனத் தோன்றுதல் வேண்டும். சோதிக்குமுன் எரிபொருட் திறப்பானை மூடி, சிந்திய பெற்றோலைத் துடைத்து, பிளக்கை உருளையின் துளைக்கு எட்ட வைத்தல் வேண்டும். பிளக்கை இறப்பர்ப் பிடியுள்ள குறட்டாற் பிடிக்க. வெறுங்கையாற் பிடித்தால் மின்தாக்கும்.

பொறி தோன்றாவிடினும், மஞ்சளாகவும் மெலிந்தும் தோன்றினும், முதலிற் பிளக்கைச் சுத்தஞ்செய்து இடைவெளியைச் சரிசெய்க. இயந்திரத்துடன் வந்த கைந்நூலிற் குறித்த அளவே சரியானது. அது பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர் வரையாகும். அதன்பின்னரும் பொறி எழாவிடின் புதிய பிளக்கு ஒன்றைப் பூட்டிப் பார்க்க. கைவசம் எப்போதும் ஒரு புதிய பிளக்கை வைத்திருத்தல் விவேகமாகும்.

புதிய பிளக்கிலும் பொறி இல்லையெனின் நிறுத்தும் சுவிச்சுக்குச் செல்லும் கம்பியை இணைப்பிடத்திற் கழற்றிவிட்டுச் சோதிக்க. இப்போது பொறி தோன்றினால், சுவிச்சு பழுதாகியோ கம்பியின் உறை தேய்ந்து உலோகத்திற் தொட்டோ பொறியைத் தடுத்து வந்துள்ளது. ஒயில் காவற் கருவியின் கம்பியையும் இவ்வாறே சோதிக்கலாம். ஆயின் சோதனைக்குப்பின் இக்கம்பிகளை மீண்டும் பூட்டாது விடுதல் பெருந்தவறு. சுவிச்சின்றி ஓடும் இயந்திரத்தை ஆபத்து வேளையில் நிறுத்த முடியாது. ஒயிற் காவலின்றி ஓடும் இயந்திரம் ஒருநாள் இறுகி நிற்கும்.

பழைய இயந்திரங்களிற் பறப்புச்சில்லின் அடியில் தொடுமுனைகள் உண்டு. இவை ஈரத்தாலும் கரியாலும் மூடப்பட்டாற் பொறி எழாது. தூய கடதாசித் துண்டை இடையே இட்டு இழுத்துத் துப்புரவாக்கலாம். பறப்புச்சில்லைத் தண்டிற் பிணைக்கும் சிறு ஆப்பு முறிந்தாற் பொறி எழும். ஆயினும் உரிய நேரத்தில் எழாது. இழுக்கும் கயிறு கையிலிருந்து வெடுக்கெனப் பின்னோக்கிப் பறிபடுவது இதன் குறியாகும். இதனைத் திருத்துதலும், மின்சுருளை மாற்றுதலும் தேர்ந்த திருத்துநரிடம் விடத்தக்கன.

8. நெருக்கத்தைச் சோதித்தல்

எரிபொருளும் பொறியும் சரியாக இருந்தும் இயந்திரம் இயங்காவிடின் கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்க்க. ஓரிடத்திற் கை எதிர்ப்பை உணர்தல் வேண்டும். எதிர்ப்பு முற்றாக இல்லையெனின், முதலிற் பிளக்கு இறுக்கமாகப் பூட்டப்பட்டுள்ளதா எனப் பார்க்க. பின்னர்ப் பிளக்குத் துளையினூடு ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, இரண்டு மூன்று முறை இழுத்து, பிளக்கைப் பூட்டி மீண்டும் சோதிக்க. எதிர்ப்பு உயருமாயின் வளையங்கள் தேய்ந்துள்ளன. உயராவிடின் வால்வு ஒட்டிக்கொண்டோ எரிந்தோ உள்ளது. இவ்விரண்டும் பட்டறையில் திருத்தத்தக்கவை. எனினும் குற்றம் எங்கே என்பதைக் கமக்காரர் தாமே சொல்லக்கூடியவராயின் தேவையற்ற உறுப்புகளுக்குப் பணம் கொடுக்க நேராது.

கயிறு இழுபடவே மறுக்குமாயின் பிளக்கைக் கழற்றி இழுத்துப் பார்க்க. அப்போது இழுபட்டால் உருளையில் எரிபொருள் நிறைந்திருந்தது என அறிக. இன்னும் மறுத்தாற் பம்பியின் உட்சில்லு மணலாலோ துருவாலோ இறுகியிருக்கலாம். அதன் முகப்பைக் கழற்றித் துப்புரவாக்குக. வலிந்து இழுத்தாற் கயிறும் சுருளும் அறும்.

9. டீசலில் இயங்கும் உழவு இயந்திரம்

மக்கள் லான்ட்மாஸ்ரர் என வழங்கும் இரு சக்கர உழவு இயந்திரங்கள் பெரும்பாலும் டீசலில் இயங்குவன. இவற்றுக்குப் பிளக்கு இல்லை. நெருக்கத்தால் மிகச் சூடேறிய காற்றிலே டீசல் தானே பற்றுகின்றது. கைப்பிடியாற் சுற்றும்போது புகைக்குழாயில் வெண்புகை வருமாயின் டீசல் உட்செல்கின்றது, ஆனாற் பற்றவில்லை. நெருக்கத்தைச் சோதித்தல் வேண்டும். புகை எதுவும் இல்லையெனின் டீசல் உட்செல்லவில்லை.

தாங்கி வற்றும்வரை உழுதபின் டீசல் நிரப்பிய இயந்திரம் இயங்காமைக்குக் காரணம் குழாயிற் புகுந்த காற்றே. வடிகட்டியின் மேலுள்ள திருகாணியைத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வழியும்வரை விட்டு இறுக்குக. பின்னர் டீசற் பம்பியின் வாயிலும் அவ்வாறே செய்க. சீறியடிக்கும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும் வேகமுடையது. கையை அதன்முன் வைத்தல் ஆகாது. சுற்றும்போது பெருவிரலை ஏனைய விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடித்தல் வேண்டும். கைப்பிடி பின்னடிக்குமாயின் எதிர்ப்பக்கத்தில் உள்ள பெருவிரல் முறியும்.

10. கிணற்றினுள் இயந்திரத்தை இறக்குதல்

இயந்திரம் இயங்கியும் நீர் ஏறாவிடின் குற்றம் இயந்திரத்தில் இல்லை. பம்பியில் நீர் நிரப்பப்படாமையோ, உறிஞ்சு குழாயின் வெடிப்போ, அடிவால்வின் ஒழுக்கோ காரணமாகலாம். நீர்மட்டம் மிகக் கீழிறங்கியதும் காரணமாகலாம். குழாயினூடு நீரை மேலே தள்ளுவது வளிமண்டல அமுக்கமே. அது கணக்கின்படி 10.3 மீற்றர் வரையே நீரைத் தாங்கும். நடைமுறையில் 7 மீற்றருக்கு மேல் நீர் ஏறுதல் அரிது.

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது சிலர் இயந்திரத்தையே கிணற்றினுள் இறக்கி ஓட்டுகின்றனர். இது உயிரைக் கொல்லும் செயல். இயந்திரப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. கிணற்றில் வெளியேற வழியின்றித் தேங்கும். நின்றுபோன இயந்திரத்தை மீண்டும் முடுக்க இறங்கியவர் தாம் மயங்குவதை உணருமுன்னரே விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் அவ்வாறே விழுவார். இயந்திரம் ஓடிய கிணற்றினுள் எவரும் இறங்குதல் ஆகாது. விழுந்தவரைக் காப்பாற்றவும், மூச்சுக்கருவியுடைய மீட்புப் பணியாளரன்றி வேறெவரும் இறங்குதல் கூடாது. நீர் ஆழத்தில் உள்ள கிணறுகளுக்கு மின்சாரத்தால் இயங்கும் நீர்மூழ்கிப் பம்பியே தக்கது.

11. வருமுன் காத்தல்

இறைப்பு முடிந்ததும் இயந்திரத்தை மழை படாது வைத்தல் வேண்டும். எரிபொருளைத் துணியால் வடித்தே ஊற்றுக. ஒயிலைக் கைந்நூலிற் குறித்த மணிக்கணக்கின்படி மாற்றுக. மழைக்காலத்திற் பல வாரம் ஓய்வு பெறும் இயந்திரத்தின் தாங்கியையும் கிண்ணத்தையும் வெறுமையாக்கி, பிளக்குத் துளையிற் சிறிது ஒயில் விட்டு, கயிற்றை ஒருமுறை மெதுவாக இழுத்து வைத்தால் உருளை துருப்பிடியாது. பயிர் நடுவதற்கு இரு வாரம் முன்னரே இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தல் நன்று. அப்போது காணும் பழுதைத் திருத்த நாள் உண்டு. நாற்று நட்டபின் காணும் பழுதுக்கு நாள் இல்லை.

ஒவ்வொரு பழுதையும், அது தீர்ந்த வகையையும், ஒயில் மாற்றிய திகதியையும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்தல் வேண்டும். இரண்டு போகங்களின் குறிப்பு அவ்வியந்திரத்தின் இயல்பைத் தெளிவாகக் காட்டும். இங்கு கூறியவற்றால் தீராத பழுதுகளுக்கு அக்கொப்பியுடன் திருத்துநரிடம் செல்க. மேலும் விபரம் வேண்டுவோர் தத்தம் பகுதிக் கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ கேட்டறியலாம்.